சக்குபள்ளத்துக்கு ஒரு சர்வரைப் பூட்டப் போனேன்

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சென்ற ஆடியில் மலர்விழி அழைத்தாள். கல்லூரி விடுதியில் எனக்கு இளையவள். இப்போது மலைமேல் சக்குபள்ளத்தில், ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களுக்கான சிறிய மருத்துவமனையில் நர்ஸ். அங்கே சிகிச்சை பெறும் பேச்சியம்மாளுக்குக் காசநோய் என்ற செய்தி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பரவிவிட்டதாம். (பெயரை மாற்றியிருக்கிறேன், அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) நர்ஸ்தான் சொல்லிவிட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். பேச்சியம்மாள் மாத்திரை வாங்க வருவதையே நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினால் அந்த நோய் உயிரைக் குடித்துவிடும். நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் சர்வரிலிருந்து யாராவது எடுத்தார்களா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

என் ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று பேருந்து மாறி மாறிக் கம்பம் சேர ஏறக்குறைய 240 கிலோமீட்டர். மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. அங்கிருந்து கம்பம்மெட்டு வழியாக ஜீப், தொள்ளாயிரம் ரூபாய். மழைக்குக் கல் உருளும், வெளிச்சத்திலேயே ஏறிவிடுவோம் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். அது நல்லதாகப் போயிற்று; அன்று மாலையே சர்வரைப் பார்க்க முடிந்தது.

சர்வர் முன்னறையில், டோக்கன் கொடுக்கும் மேஜைக்கடியில் இருந்தது. இணையம் வழியாக வெளியிலிருந்து ஆயிரக்கணக்கில் கடவுச்சொல் முயற்சிகள் வந்திருந்தன; ஒன்றும் உள்ளே நுழையவில்லை. ஆனால் மலர் ஊரில் இல்லாத ஒரு நாள், நடுப்பகலில் யாரோ இயந்திரத்தை அணைத்து மறுபடி எழுப்பியிருந்தார்கள். தரவு இருக்கும் வட்டு பூட்டப்படாதது. ஒரு பென் டிரைவ் இருந்தால் போதும், எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் எல்லாவற்றையும் படித்துவிடலாம். யார் செய்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் முழுக்க வேலை. தரவை நகலெடுத்து, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டை முழுமையாகக் குறியாக்கம் செய்து, லினக்ஸ் இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன். பென் டிரைவிலிருந்து எழும்புவதைத் தடுத்தேன். வெளியிலிருந்து நுழையும் வழிகளை அடைத்தேன். பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, காற்றோட்டமுள்ள இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, அலமாரியைத் திருகாணியால் சுவரோடு முடுக்கினோம்.

மருத்துவமனைச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. கரண்ட் போகிற ஊரில், சர்வர் அணைந்து எழும்போதெல்லாம் யார் வந்து கடவுச்சொல் அடிப்பது என்றார். அலமாரிக்கு இன்னொரு சாவியும் கேட்டார்.

"நான் வந்து அடிக்கிறேன் சார், மழையா இருந்தாலும் சரி" என்றாள் மலர். "சாவி எங்கிட்டயும் டாக்டர்கிட்டயும்தான் இருக்கும். வேற யாருக்கும் கெடையாது."

அவர் வெளியே போய்விட்டார்.

இப்படி ஒரு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: சுவர்த் துளைக்கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய தரவை நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்க்காமல் வட்டைத் தொடாதீர்கள். அந்த நகலையும் குறியாக்கம் செய்து வேறிடத்தில் பூட்டுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற காலையில், மலர் லயத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லிப் பேச்சியம்மாளை அழைத்து வந்தாள். அவர் வாசலிலேயே நின்று என்னைக் கேட்டார்: "இனிமே யாரும் பாக்க முடியாதாம்மா?"

"பெட்டியத் தூக்கிட்டுப் போனாலும் படிக்க முடியாதுங்க" என்றேன். "இங்க வேல பாக்கறவங்க வாயத் தொறந்தாத்தானுங்க உண்டு. அதுக்கு எங்கிட்டப் பூட்டு இல்லீங்க."

அவர் மலரின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மாத்திரைக்குக் கையை நீட்டினார்.