கலர் ஊறும் நேரத்து நடை

என் தங்கைக்கு வாய் ஓய்ந்தால் கால் ஓயாது, கால் ஓய்ந்தால் வாய் ஓயாது. இரண்டும் சேர்ந்து ஓய்ந்து நான் பார்த்ததில்லை. பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். மூன்று நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, காதைத் துளைக்கும் ஹேர் டிரையர். கடையின் பின்கதவைத் திறந்தால் ஓடை. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்க, நகரத்தின் நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்த ஒரு கீற்றுக் காடு.

வாடிக்கையாளர் தலையில் கலர் பூசிவிட்டு, அது ஊறும் நேரத்தில் மற்ற கடைக்காரிகள் டீ குடிப்பார்கள். இவள் பின்கதவு வழியாக ஓடிவிடுவாள். ஓடையோரப் பாதையில் மரப்பாலம் வரை போய்த் திரும்பினால் கலர் சரியாகப் பிடித்திருக்கும். தலையைக் கழுவிக்கொண்டே அன்று பார்த்ததையெல்லாம் கொட்டுவாள். "பாம்பு நீந்திச்சு அக்கா, தலையை மட்டும் தூக்கிக்கிட்டு! என்ன தோரணைங்கிறீங்க!" ஒரு தவளையைப் பார்த்தால்கூட லாட்டரி விழுந்த குரல்தான். பாதிப் பேர் கதை கேட்கவே கலர் போட வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எனக்கு மேலே போவதும் கீழே வருவதும்தான் நடை. "அந்தச் சாக்கடையில அப்படி என்னடி இருக்கு?" என்று கேட்டு, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இதற்கு நடுவில்தான் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஏற்ற முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. "மொத்தமா எடுத்துடு" என்று தங்கையிடம் போய் நின்றாள். ஆனால் கண்ணாடி முன்னால் உட்கார மாட்டேன் என்றாள். தங்கை நாற்காலியைத் தூக்கிப் பின்கதவுக்கு வெளியே போட்டாள். ஒரு கல்யாணத்துக்காகப் பல குப்பிகளைக் கலந்து, அண்ணியின் முடிக்கென்றே தங்கை உண்டாக்கிய சிவப்பு அது. இப்போது அவள் கத்தரிக்குத்தான் துண்டு துண்டாக விழுந்தது. பாதியைக் காற்று வாரிக்கொண்டு போனது. மீதியைப் பெருக்கப் போனவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அழ, அண்ணிதான் தேற்ற வேண்டியிருந்தது.

அதோடு என் மனைவி வாசல் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும், தலையைப் போர்த்திக்கொண்டு. டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன். தங்கை ஓடைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். "எல்லாரும் என் தலையைத்தான் பார்ப்பாங்க" என்று ஒரே பதில். வீட்டையே சிரிப்பால் அதிர வைத்தவள், ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தே கிடந்தாள். இவள் எழுந்து வெளியே வரமாட்டாளா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்படி ஒரு மத்தியானம் எங்கள் கதவு உடைகிற மாதிரி சத்தம். திறந்தால் தங்கை. ஏப்ரன், கையில் ரப்பர் உறை, மூச்சிரைப்பு.

"அண்ணே, தள்ளு! அண்ணி! உங்க முடி கிடைச்சிடுச்சு!"

"என்னடி உளறுற?" என்றேன்.

"பாலத்துக்கிட்ட ஒரு குருவிக்கூடு! உள்ளே மெத்தை மாதிரி போட்டிருக்கிறது அண்ணியோட முடி! மேலே மூணு குஞ்சு!"

"ஊர்ல வேற யாருக்கும் முடியே இல்லையா?"

"நான் கலக்கின சிவப்பு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? அண்ணி, குஞ்சுக்கெல்லாம் றெக்கை வந்துடுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ பறந்துடும். வாங்க!"

என் மனைவியின் கண் ஒரு நொடி மின்னியது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "போட்டோ எடுத்துட்டு வா, பார்க்கிறேன்."

தங்கை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் என் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள்.

"உறையில என்னது வெள்ளையா?"

"ப்ளீச்."

"யாருக்குப் போட்ட?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் தங்கையின் வாய் தடுமாறியது. "பல் டாக்டரம்மாவுக்கு... நாற்காலியில தூங்கிட்டாங்க... சரின்னு ஓடைக்குப் போனேன்... கூட்டைப் பார்த்ததும் நேரா இங்க..."

"அடிப்பாவி! அது ஊற ஊற முடி வெந்துடுமேடி!"

போர்வை ஒரு பக்கம் பறந்தது. என் மனைவி எழுந்தாள், தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள், வாசலைத் தாண்டினாள். எல்லாம் நான் செருப்பைத் தேடுவதற்குள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். அந்தத் தெருவில் மொட்டைத் தலையோடு, "நகருங்க, நகருங்க!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் போனாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தார். என் மனைவியே நாற்காலியைத் திருப்பி, குழாயைத் திறந்து, மடமடவென்று அலசினாள். முடியில் பழுப்புக் கீற்றுகள் கேட்டவருக்கு வைக்கோல் நிறம் வந்திருந்தது. நுனிகள் கொஞ்சம் கருகியிருந்தன, அவ்வளவுதான். தங்கை துண்டை எடுத்து நீட்டினாள். தண்ணீர் பட்டு விழித்த டாக்டரம்மா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"பரவாயில்லைம்மா. இனிமே பேஷன்ட்டுங்க என்னைப் பார்த்ததும் தானா வாயைத் திறப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நிமிர்ந்த என் மனைவிக்கு எதிரே, சுவர் அளவுக்குக் கண்ணாடி. அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"என் காது இவ்வளவு பெரிசா? இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே!"

தங்கை அதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

பாலத்தருகே, தண்ணீர்மேல் சாய்ந்த கிளையில், உள்ளங்கை அளவுக் கூடு. வைக்கோலுக்கும் நாருக்கும் நடுவே அந்தச் சிவப்பு. சந்தேகமே இல்லை. கிளையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றோம். தாய்க்குருவி புழுவோடு வந்ததும் மூன்று வாய்களும் ஒன்றாகத் திறந்தன. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு இருந்ததைவிட அங்கதாங்க எடுப்பா இருக்கு" என்றாள் ரகசியமாக. பிறகு தங்கையிடம் கேட்டாள், "பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தெரியாது அண்ணி. அதுக்குள்ள கலர் ஊறிடும், திரும்பிடுவேன்."

"இன்னிக்கு என்ன அவசரம்? வா, பார்த்துட்டு வரலாம்."

அவள் முன்னால் நடந்தாள். இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் அவள் தலைமேல் விழுந்தது. நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை.