வயலில் விழுந்த பெட்டியும் என் சகலனும்

என் சகலன் ஊரெல்லாம் பிரபலமாகியிருந்த அந்த மாதத்தில் நான் அவன் வீட்டு வாசல் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்த வாசல் என் வாசலிலிருந்து பத்து எட்டு வைக்கிற தூரம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். அப்படி மூத்த மகளை முடித்த நானும் இளைய மகளை முடித்த அவனும் நிந்தவூரில் மாமாவின் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம்.

அவன் மாமாவின் வயலைச் செய்துகொண்டிருந்தான். எனக்குச் சந்தியில் போட்டோக் கொப்பிக் கடை. அதோடு கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். பதினெட்டு வருடமாக என் பெயர் அச்சில் வந்துகொண்டிருந்தது. மாமா ஒரு வரி வாசித்தவரில்லை. பத்திரிகை வளவுக்குள் வந்தால் மாமி அதை விரித்து வைத்து மீன் வெட்டுவார்.

பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு, ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன், ஏதோ ஒன்று மினுங்கிக்கொண்டு வயல் பக்கம் இறங்கியதைப் பலர் கண்டார்கள். மறுநாள் காலை சகலன் தண்ணீர் பார்க்கப் போனபோது வரம்போரச் சேற்றுக்குள் பாரமே இல்லாத நுரை அட்டையால், ரெஜிபோமால், செய்த ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி, நீளமான நூல், கிழிந்த றப்பர். பொலிசுக்கு அறிவித்தான். ஜீப் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்கே யூடியூப்காரன் ஒருவன் வந்து அவனைப் படம் பிடித்தான். வெளிவந்த வீடியோவில் சகலன் இவ்வளவுதான் சொன்னான்: “எங்கட வயலுக்குள்ளதான் விழுந்த. ஜீப்புல வந்து கொண்டு போயிற்றாங்க. எனக்கு ஒண்டும் செல்லல்ல.”

அதற்கு மேல் பறக்கும் தட்டு என்று தலைப்பு. அரசாங்கம் மறைக்கிறது என்று சிவப்பு எழுத்து. பாலமுனையிலிருந்தும் தம்பிலுவிலிலிருந்தும் ஆட்கள் வயல் பார்க்க வந்தார்கள். அமெரிக்காவில் ஒரு பாலைவனத்தில் இப்படித்தான் விழுந்ததாம், அந்த அரசாங்கமும் பலூன் என்று சொல்லி அமுக்கிவிட்டதாம் என்று, கடையில் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்த வங்கி உத்தியோகத்தர் எனக்கே வகுப்பு எடுத்தார். செய்தி சொல்ல வேண்டியவன் நான்.

ஒரு நாள் கல்முனையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களிடம் மாமா, “இவர்தான் எங்கட சின்ன மருமகன்” என்று சகலனின் தோளில் கைவைத்துச் சொன்னார். என்னைக் காட்டி, இவர் ஆர் என்று ஒருவர் கேட்டார். “அவர் மூத்தவர். கடை ஒண்டு வெச்சிரிக்கார்” என்றார் மாமா. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்கு விசாரணை என்று பெயர் வைத்தேன்.

கடையைப் பூட்டிவிட்டு அலைந்தேன். பொலிசில் கேட்டேன், அம்பாறைக்குப் போ என்றார்கள். அம்பாறைக் கச்சேரியில், அந்த மாவட்டச் செயலகத்தில், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு சிங்கள உத்தியோகத்தர் கோப்பு ஒன்றைத் திறந்து பெட்டியின் படத்தை மேசையில் வைத்தார். வானிலை பார்க்க விடுகிற பலூன், மேலே போய் வெடிக்கும், பெட்டி எங்காவது விழும் என்று தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினார். இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “மறைக்க இல்லை. கேட்டு வந்தது நீங்கள்தான் முதல் ஆள்” என்று சிரித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சகலன் தொலைந்தான் என்று நினைத்தேன்.

நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலம் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் காரைதீவுக்காரர் ஒருவருடையது. வயதானவர். வரம்பில் வைத்துப் பிடித்தேன்.

“அண்டைக்கு நானும் பக்கத்திலதான் நிண்டன் தம்பி” என்றார். “பெட்டியில இங்கிலிசில எழுதியிருந்தத உங்கட சகலன்தான் எழுத்துக்கூட்டி வாசிச்சவர். இது மழை, காத்து பாக்கிற ஆக்கள்ற சாமான் எண்டு அப்பவே சொல்லிட்டார். வீடியோக்காரனுக்கும் அதத்தான் சொன்னவர். அவன் அதையெல்லாம் வெட்டிப்போட்டான்.”

“பிறகு வந்த ஆக்களுக்கு?”

“எல்லாருக்கும் சொல்லிப் பாத்தவர். பொலிஸ் வெருட்டி வெச்சிருக்கு, அதான் மறைக்கார் எண்டு அவங்க கண்ணடிச்சிற்றுப் போறாங்க. உங்கட மாமாவும் அப்பிடித்தானாம் நம்பியிருக்கார். உங்களுக்குச் சொல்லலியா?”

மூன்று நாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய நான் பத்து எட்டுத் தூரத்தில் இருந்தவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை எப்படிச் சொல்வது? வேலை கூடிப்போயிற்று என்று முணுமுணுத்தேன். அவர் தானும் அன்று முழுவதையும் போனில் எடுத்ததாகச் சொல்லி, அங்கேயே வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். போனில் இடமில்லை, இனி உங்களிடம் இருக்கட்டும் என்று தன்னிடம் இருந்ததை அழித்தும்விட்டார்.

வரம்பில் குந்தியிருந்து பார்த்தேன். கையெல்லாம் சேறாக சகலன் நிற்கிறான். “இது காலநிலை பாக்கிற பெட்டி. அதுலயே எழுதியிரிக்கி. ஆக்கள் பயப்படத் தேவல்ல, ஆரும் ஒண்டும் ஒளிக்கல்ல” என்கிறான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

செய்தியை எழுதினேன். பலூனைப் பற்றி எழுதியது எல்லாம் சரி. சகலனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: வயல் செய்கை பண்ணும் ஒருவர் பரப்பிய வதந்தியே இத்தனைக்கும் காரணம் என விசாரணையில் தெரியவந்துள்ளது. மற்றதை எழுத இடம் காணாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்திரிகை வந்தபோது செய்திக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இடம் கிடந்தது.

அன்று மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, வரிக்கு வரி விரல் வைத்து, என் செய்தியை முதற்தடவையாக வாசித்தார்.

“மருமகன், இதெல்லாம் நீங்க நேர போய் விசாரிச்சதா?”

“ஓம் மாமா.”

“முழுக்க உண்மதானே?”

“ஓம்.”

பத்திரிகையை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மாமி மீன் வெட்ட விரிப்பதற்குச் சாக்குத் துண்டு தேட வேண்டியதாயிற்று. அன்று நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் பிள்ளை பிறந்த அன்றுகூட இவ்வளவு பட்டேனா தெரியாது.

சகலனுக்குத் தட்டுக்காரன் என்று பட்டம் விழுந்தது. உரப் பசளைக் கடையில் சிரித்தார்கள், தேத்தண்ணிக் கடையில் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஒரு பொய்க்காரன் செய்கிற வயலில் அல்லாஹ்வின் பரக்கத் இருக்காது, அறுவடையோடு வேறு ஆளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார். பலூன் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே சொன்னேன் என்று சகலன் சத்தியம் பண்ணினான். மாமா அலுமாரியைக் காட்டினார்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு அவன் என் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“காக்கா, காரைதீவு ஐயா அண்டைக்கு எடுத்த வீடியோவ உங்களுக்கு அனுப்பினவராம். அவர்ட இப்ப இல்லியாம். உங்களிட்ட இரிக்கா? மாமாட்ட ஒருக்காக் காட்டினாப் போதும்.”

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. ஓம் என்றால் அவனுக்கு வயல் கிடைக்கும். அலுமாரிக்குள் இருக்கிற என் பத்திரிகை மீன் வெட்டப் போகும்.

“எனக்கு வரல்லியே தம்பி” என்றேன். “வயலுக்குள்ள சிக்னல் இல்லத்தானே. இடையில எங்கயாவது நிண்டிரிக்கும்.”

தூணிலிருந்து கையை எடுத்தான். “அப்ப விடுங்க காக்கா” என்று போய்விட்டான்.

அறுவடை முடிந்து வயல் கைமாறியது. அவனுக்குக் கட்டாரில் ஒரு களஞ்சியசாலையில் வேலை கிடைத்தது. பயணத்துக்கு முதல் நாள் மாமி ஆக்கிப் போட, மாமா, நான், அவன் மூவரும் ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி உட்கார்ந்தோம். மாமா சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழுந்து போனார். சகலன் தன் பக்கம் இருந்த பெரிய இறைச்சித் துண்டை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டான்.

“ஊட்டப் பாத்துக்கங்க காக்கா” என்றான். “எண்ட புள்ளைகள் வளர்ந்து கேட்டா, வாப்பா பொய் செல்லல்ல எண்டு நீங்க ஒரு சொல்லுச் செல்லுங்க. நீங்க செல்லுறதத்தான் இந்த ஊட்டுல நம்புவாங்க.”

ஓம் என்றேன். துண்டை எடுத்துச் சாப்பிட்டேன்.