இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் மாடிவீட்டில் குடியிருக்கும் ஆனந்தவள்ளியிடம் போய், "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால், "அடுத்தவங்க எழுதினதுல தப்பு கண்டுபிடிக்கறேன்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். அதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடும் கெர்னல் என்கிற நிரலில், கோப்புகளை டிஸ்க்கில் எழுதி, எடுத்துக் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஆட்கள் அதற்குத் திருத்தம் எழுதி, எல்லோரும் பார்க்கும் ஒரு மெயில் பட்டியலுக்கு அனுப்புவார்கள். இன்னொருவர் அதை வாசித்து, "படித்தேன், சரி" என்று தன் பெயரைப் போட வேண்டும். பூட்டு சம்பந்தப்பட்ட திருத்தம் என்றால், ஆனந்தவள்ளி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொறுப்பாளர்களே அதில் கை வைப்பார்கள். உப்பிலியபுரத்தில் சின்ன வெங்காயம் போடுகிற வீட்டுப் பெண், பதினோரு வருஷம் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் அது. அதில் ஒரு கீறல் விழ விடமாட்டாள்.

பூட்டு என்றதும் இரும்புப் பூட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கோப்பில் ஒரு வேலை நடக்கும்போது இன்னொன்று குறுக்கே வராமலிருக்க நிரல் போட்டுக்கொள்ளும் தடை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால், சந்தில் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு டிரைவர் காபி குடிக்கப் போன கதைதான். பின்னால் வருவதெல்லாம் வரிசையாக நின்று, மெஷினே உறைந்துபோகும்.

போன புதன்கிழமை, கைலாசபுரத்திலிருந்து ஹரிஹரசுதன் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். வேறொரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், அடக்கமான மனுஷர், பட்டியலுக்கு அவர் அனுப்பும் முதல் திருத்தம் அது. ஆனந்தவள்ளி காலையிலேயே உட்கார்ந்து வரிவரியாக வாசித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பிடித்துவிட்டாள். டிஸ்க்கில் இடமில்லை என்றால் நிரல் அங்கிருந்து பாதியிலேயே திரும்பிவிடுகிறது. திரும்பும்போது பூட்டை விடவில்லை.

மாட்டினார் மனுஷன்! அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இதை எழுதியவர் முழித்துக்கொண்டுதான் எழுதினாரா? பூட்டைப் போட்டுவிட்டு அவர்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறாரே!" என்று ஊர் உலகம் பார்க்கும் பட்டியலில் எழுதிவிட்டு, நிம்மதியாக மோர் சாதம் சாப்பிடப் போனாள்.

கை கழுவுவதற்குள் ஹரிஹரசுதனிடமிருந்து போன்.

"மேடம், அந்த வரி என்னோடது இல்லைங்க. நான் மாத்தினது அதுக்கு மேலயும் கீழயும்தான். அது முன்னாடியே இருக்கு."

"யார் எழுதினா என்ன, தப்பு தப்புதானே? யாரு அந்த மகராசன்?"

"அது வந்து மேடம்..." என்று இழுத்தார் ஹரிஹரசுதன்.

"சொல்லுங்க ஹரி."

"நீங்களே பாத்துக்கங்க மேடம். நான் பாத்துட்டேன். அதான் பட்டியல்ல பதில் போடல."

ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. தட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே ஆனந்தவள்ளி என்று இருந்தது. எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஐயோ, மானம் போச்சே! காது நுனி வரைக்கும் சுட்டது அவளுக்கு.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம்," என்றார் ஹரிஹரசுதன். "என் திருத்தத்தோட அதையும் சேத்து சரிபண்ணிடறேன். யார் கண்ணுலயும் படாது."

கேட்க இனிக்கத்தான் செய்தது. ஆனாலும் ஆனந்தவள்ளி வழிக்கு வரவில்லை. "அதெல்லாம் வேண்டாங்க. தனித் திருத்தமாத்தான் போகணும். எந்த மாத்தத்தால வந்த தப்புன்னு அதுல எழுதறது வழக்கமில்லையா? என்னோடதுன்னு நானே எழுதறேன். உங்களோடது நல்லா இருக்கு, அதுல என் பேரைப் போடறேன்."

சொன்னபடியே செய்தாள். டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பி, இருபது தடவை ஓட்டினாள். இருபது தடவையும் மெஷின் நின்றது. விட்டுப்போன ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். பிறகு நிற்கவே இல்லை. வேலையில் அவளை அசைக்க முடியாது, அது வேறு விஷயம். "பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன மகராசி நான்தான். ஹரிஹரசுதனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று பட்டியலிலும் போட்டாள்.

இன்னொரு வரி பாக்கி இருந்தது. பிழையை முதலில் சொன்னவர் பெயரையும் திருத்தத்தில் போடுவது வழக்கம். யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பழைய மெயில்களில் தேடினாள். ஒன்று அகப்பட்டது. பதினாலு மாசத்துக்கு முந்தையது. பாலக்கரையில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரர் பிலோமின்ராஜ், மெஷின் அடிக்கடி உறைந்துபோகிறது என்று நீளமாக எழுதியிருந்தார். கீழே ஆனந்தவள்ளியின் பதில்: "டிஸ்க் பழுது. மாற்றிப் பாருங்கள்."

அவர் எழுதியதை இப்போது முழுசாக வாசித்தாள். நாலாவது பத்தியில் இருந்தது: டிஸ்க் நிரம்பும்போது மட்டும்தான் இப்படி ஆகிறது.

மெயிலின் அடியில் போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டு, தான் யார் என்று சொல்லி, "டிஸ்க் மாத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை மாத்தினேங்க," என்றார் பிலோமின்ராஜ். "அப்பவும் நின்னுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணதுல ஒரு கல்யாணத்துப் படம் மொத்தமும் போயிடுச்சு. அந்தப் பொண்ணு வந்து ஸ்டுடியோவுலயே உக்காந்து அழுதுச்சு. பெரிய ஆளு நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப நாமதான் எதையோ தப்பா பண்றோம்னு விட்டுட்டேன்."

ஆனந்தவள்ளிக்கு அத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லியிராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க தப்பே பண்ணலீங்க. நீங்க எழுதினதுலயே எல்லாம் இருந்துச்சு. நான்தான் படிக்கல."