இரவல் சங்கிலியும் மாலி ராஜாவும்

பூந்திக்கொட்டை நுரையில் ஊறிய தங்கத்துக்கு ஒரு வாசனை உண்டு, லேசான புளிப்பும் ஈரமண்ணும் கலந்தது. கங்காதர நெல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக, அத்தை தன் இரட்டைவடச் சங்கிலியை அப்படிக் கழுவித்தான் அம்மா கழுத்தில் மாட்டிவிட்டாள். அத்தை என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, அக்கா; புருஷனை இழந்தவள். மகளைக் கட்டிக்கொடுக்க அவளிடம் இருந்தது அந்தச் சங்கிலி மட்டும்தான்.

பந்தியில் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இலைமேல் சாய்ந்தார். அம்மா மலை இருக்கும் திசையில் திரும்பி, "ஏழுமலையானே, நிலுவுதோபிடி குடுக்கறேன், இந்த ஆள உட்ரு" என்று கத்தினாள். மேலே கிடக்கும் நகை அத்தனையையும் நின்ற நிலையில் கழற்றி உண்டியலில் போடுவதுதான் "நிலுவுதோபிடி". வேண்டிக்கொண்ட நேரத்தில் உடம்பில் எது இருந்ததோ அது சாமியுடையது என்று எங்கள் பக்கம் ஒரு கணக்கு. அம்மாவின் உடம்பில் தாலியும் கம்மலும் இருந்தன, கூடவே அத்தையின் சங்கிலியும்.

நைனா சித்தூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் நான் கடைசியாகப் பள்ளிக்கூடம் போனேன். தெலுங்கு மீடியம், ஏழாம் கிளாஸ். அந்தக் கடைசி நாளில் நடந்த பாடம் இது. ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு தேசம், உப்பும் தங்கமும் போய்வரும் பாதையெல்லாம் கையில் வைத்திருந்த ஒரு முஸ்லிம் ராஜா. அவர் முன்னால் போகிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே புழுதியை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அந்த ராஜா ஒட்டகங்களில் பொன்னை ஏற்றிக்கொண்டு மெக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்ததில், அந்த ஊரில் தங்கத்தின் விலையே சரிந்துவிட்டதாம். எகிப்து சுல்தான் காலடியில் தலைவணங்க முடியாது என்றவர், கடைசியில், என்னைப் படைத்தவனுக்குத்தான் வணங்குகிறேன் என்று சொல்லி வணங்கினாராம்.

அன்று சாயங்காலம், கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருந்த சங்கிலியைக் கேட்டு அம்மா அத்தை காலில் விழுந்தாள். முடியெல்லாம் புழுதி.

"நேந்துக்கினவ நீ, போறது என் சங்கிலியா? எரவல் எது, சொந்தம் எதுன்னு உங்க சாமிக்குத் தெரியாதாடி?"

"உங்க காலுல உழல அண்ணி. சாமி காலுலதான் உழுந்துக்கினு கீறேன்."

"அப்ப திருப்பதிக்குப் போயி உழு. என் வாசல்ல இன்னா வேல?"

இரண்டு நாள் கழித்து, உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் விடிந்தும் விடியாமல் அத்தை வந்து நின்றாள். சங்கிலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பூந்திக்கொட்டை வாசனையோடு. "கழுத்தக் காட்டு. நேந்துக்கினப்ப எப்பிடி இருந்தியோ அப்பிடியே போவணும்" என்றாள்.

திருப்பதி மலையில் உண்டியல் முன்னால் அம்மா கம்மலையும், மஞ்சள் கயிற்றை மட்டும் விட்டுவிட்டுத் தாலிப் பொட்டையும் கழற்றினாள். சங்கிலியின் கொக்கி இறுகிக் கிடந்தது, கழலவில்லை. அத்தை குனிந்து பல்லால் கடித்துத் திறந்து, தன் கையாலேயே உள்ளே போட்டாள்.

நாங்கள் வரிசையில் நின்றிருந்த நேரத்திலேயே நைனா போய்விட்டிருந்தார். தாலி அறுக்க வந்தவர்களுக்கு அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடைத்தது. அத்தை மகளை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். நான் கிளீனராக லாரி ஏறினேன், பிறகு எத்தனையோ ஊர்.

இப்போது அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. அத்தை வீடு இருந்த இடத்தில் ரோடு போகிறது. போன மாதம் திருப்பதியில் ஒரு நகைக்கடை வாசலில் தங்கத்தின் விலை சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றேன். ராஜா இறைத்தபோது கெய்ரோவில் விலை சரிந்தது. அத்தை தன்னிடம் இருந்தது அத்தனையையும் போட்ட அன்று, இந்த ஊரில் ஒரு பைசா இறங்கவில்லை.