உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு எந்த பில்டர் நல்லது?

அலங்கார மீன் கடையில் வேலை என்றால் மீன் விற்பது என்று நினைக்கிறார்கள். பாதி நாள் சாவுச் செய்தி கேட்பதுதான் என் வேலை. மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கடையில் நின்று "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியே தொண்டை வற்றியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம்தான்.

நாலு வாரம்

ரவாங் தொழிற்சாலை சூப்பர்வைசர் ஒருவர் முதன்முதலாக உப்புத்தண்ணீர் மீன் வளர்க்க ஆசைப்பட்டு வந்தார். மூன்றடித் தொட்டி. கீழே இன்னொரு சின்னத் தொட்டி வைத்து, அதில் கல்லும், அழுக்கை நுரையாக இழுத்து வெளியேற்றும் ஸ்கிம்மரும் போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் வாங்கினார்.

"மீனை மட்டும் நாலு வாரம் கழிச்சு விடுங்கண்ணே. மீன் கழிவு நஞ்சாகாம பார்த்துக்கிற கிருமி அந்தக் கல்லுல வளரணும்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார். போகிற வழியிலேயே வேறொரு கடையில் ஐந்து மீன் வாங்கிவிட்டார். புதன்கிழமை போன் வந்தது. "தங்கச்சி, பில்டர் நல்லாத்தான் ஓடுது. மீனுதான் ஓடல."

செகிஞ்சான் தண்ணீர்

சுங்கை பஞ்சாங் லோரிக்கார அண்ணன் ஒருவர் உப்புப் பொடியும் வேண்டாம், ஸ்கிம்மரும் வேண்டாம் என்று மீனை மட்டும் வாங்கிப் போனார். செகிஞ்சான் படகுத்துறையில் மூன்று டிரம் தண்ணீர் அள்ளி, படகு டீசலோடும் சேற்றோடும் அப்படியே தொட்டியில் ஊற்றியிருக்கிறார். இரண்டே நாளில் எல்லாம் மல்லாந்துவிட்டன. கடைக்கு வந்து என்னை முறைத்தார். டீசலைப் பற்றி விளக்கினேன். காதில் வாங்கவே இல்லை. "கடல்ல அவ்ளோ மீன் இருக்குலா, அங்க எவன் பில்டர் மாட்டி வெச்சான்?"

முதலாளி

அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் எல்லாம் இன்னும் கூடுதலாகப் பேச ஆரம்பித்தேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று நான் சொன்ன வேலைகளைக் கேட்டுப் பயந்து, ஒன்றும் வாங்காமல் பூனை வளர்க்கலாம் என்று போய்விட்டது. முதலாளி கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. "ஏம்மா, நீ மீன் விக்க வந்தியா, மீனுக்கு வக்கீலா வந்தியா?"

ராசாவிலிருந்து வந்த பெண்

கலா என்ற பெண் ராசா என்கிற ஊரிலிருந்து வந்தாள். அம்மா செத்ததிலிருந்து அப்பா வாயே திறப்பதில்லையாம். கிளினிக்கில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஆரஞ்சுக் கோடு போட்ட மீனை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். கட்டில் பக்கத்துச் சின்ன மேசையில் அடங்குகிற மாதிரி தொட்டி வேண்டும், விளிம்பில் தொங்கவிடும் குட்டி பில்டர் போதும் என்றாள். அவள் கேட்ட இரண்டு மீனுக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். முதலாளி பக்கத்தில் நின்றார். வாயை மூடிக்கொண்டு கட்டிக் கொடுத்தேன்.

அவள் நாலு வாரம் ஒழுங்காகப் பொறுத்துத்தான் மீனை விட்டாள். பதினோராம் நாள் இரண்டும் செத்தன. அவள் கடைக்குள் நுழைந்ததுமே, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு மாசம் கழிச்சு அப்பா நேத்துதான் பேசினாருக்கா. 'இந்த மெஷின் பத்தலம்மா'ன்னு சொன்னாரு. பெருசா ஒன்னு காட்டுங்க."

எந்தத் தொட்டிக்கு எந்த பில்டர் என்பது எனக்கு அத்துப்படி. அதை வேண்டிய நேரத்தில் வாய்விட்டுச் சொல்ல வைக்கும் கருவிதான் இன்னும் எங்கள் கடைக்கு வரவில்லை.