டீசலில் புகுந்த காற்று

இன்று காலை லேக் மார்க்கெட்டில் நான் ஏறிய மினிபஸ், அலிப்பூர் வருவதற்குள் நின்றுவிட்டது. கிளம்பும் முன்புதான் டிரைவர் டீசல் ஃபில்டரை மாற்றினாராம். உள்ளே புகுந்த காற்று டீசலை வரவிடவில்லை.

ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். டீசல் நுரைத்து நுரைத்து வந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்? ஆபீசுக்கு லேட்டாகுது” என்று பெங்காலியில் கத்தியது நான்தான்.

“நுரை நிக்கணும் திதி.” இங்கே அக்காவைத் ‘திதி’ என்பார்கள்.

நான் விடவில்லை. பாவம், பாதியிலேயே திருகை இறுக்கினார். வண்டி நூறடி போய் மறுபடியும் நின்றது.

மறுபடி திருகைத் தளர்த்திப் பம்பை அழுத்தினார்; இம்முறை நான் அவசரப்படுத்தவில்லை. நுரை முழுக்க அடங்கியதும் அவரே திரும்பிப் பார்த்தார். “இப்ப இறுக்கட்டுமா திதி?”

ஆபீசில் பழியை பஸ் மேல் போட்டுவிட்டேன். திட்டுவதானால் இங்கே என்னைத் திட்டுங்கள்.