ஒன்பதாம் வார்டுக்கு வந்த சாக்கடை

செல்வப்பிரியாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வார்டு மெம்பர் ஆவதற்கு முன்பும் அப்படித்தான். மகள் மௌனிகா மஞ்சள்காமாலையில் விழுந்த பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. ஊர்க் குடிநீர்க் கிணறு ஆற்றோரம் இருந்தது. கடைவீதி ஓட்டல்கள், கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்டு கழிப்பறை என்று எல்லாக் கழிவும் ஓர் ஓடை வழியாக வந்து, கிணற்றுக்குச் சற்று மேலே ஆற்றில் விழுந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கஞ்சி ஊட்டும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

டவுன் பஞ்சாயத்துக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட அனுமதி வந்தபோது எல்லா மெம்பர்களும் அது வேண்டும் என்றார்கள். தங்கள் வார்டில் மட்டும் வேண்டாம் என்றார்கள். கூட்டம் கலையப் போகும் நேரத்தில் செல்வப்பிரியா எழுந்தாள்.

"எங்க ஒன்பதாம் வார்டுல புறம்போக்கு இருக்குதுங்க. அங்க கட்டிக்கலாம்."

வீட்டில் கேட்கவில்லை, ஊரிலும் கேட்கவில்லை.

அந்தப் புறம்போக்கை ஒட்டி ஆறுமுகசாமியின் தென்னந்தோப்பு. அவள் கணவன் கோபிநாத்துக்குத் தூரத்து மாமா முறை. மண் தோண்ட ஜேசிபி வந்த அன்று டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் அம்மிணி, ஊர்ப் பீயெல்லாம் என்ற தோப்புப் பக்கத்துல கொண்டாந்து கொட்டறதுக்கா உனக்கு ஓட்டுப் போட்டோம்?"

"இப்ப மட்டும் அது எங்கீங்க மாமா போவுது? ஆத்துக்குத்தானுங்க. அதைத்தானுங்க நாம குடிக்கறோம்."

"நாறுச்சுன்னா?"

"நாறுனா நான் வந்து நிக்கறனுங்க."

கோபிநாத் வந்து கெஞ்சிய பிறகே டிராக்டர் நகர்ந்தது. அதன்பின் ஆறுமுகசாமி அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நிலையம் எழுந்தது. நாறத்தான் செய்தது. தொட்டிக்குள் காற்றூதும் மோட்டார் பழுதாகி, அழுகல் வாடை தெருவெல்லாம் அடித்தது. சொன்னபடி அவள் போய் நின்றாள். கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வரும்வரை, மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியவர்களுக்கு நடுவே நின்றாள். மோட்டார் ஓடத் தொடங்கியும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு காற்றை மோந்து பார்ப்பாள்.

"உக்காந்து ரெண்டு வாய் சாப்புடு" என்பான் கோபிநாத்.

"காத்து இந்தப் பக்கந் திரும்பிருச்சுங்க" என்று எழுந்துவிடுவாள்.

அந்தக் கோடையில் வாய்க்காலில் தண்ணீர் விடவில்லை. தென்னைகள் குருத்துச் சாயத் தொடங்கின. ஒருநாள் ஆறுமுகசாமி நிலையத்து வேலியோரம் வந்து நின்றார்.

"சுத்தம் பண்ணுன தண்ணி சும்மாதானே ஆத்துக்குப் போவுது. தோப்புக்குத் திருப்பி உடு அம்மிணி."

அவள் உடனே தலையாட்டுவாள் என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்தார்கள்.

"டெஸ்ட்டுக்குப் போயிருக்குதுங்க மாமா. முடிவு வரட்டும்."

"என்ற மரம் காஞ்சு போவுது. நீ பழசை மனசுல வெச்சுட்டுப் பேசறே."

"இல்லீங்க மாமா. தோப்புல ஆளுக வேல செய்யறாங்க. புள்ளைக வெளையாடுது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவளுக்கும் உள்ளுக்குள் வலித்தது. முடிவு வந்தபோது கிருமி இன்னும் மிச்சம் இருந்தது. குளோரின் அளவைச் சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் தோப்பின் மேற்கு ஓரத்து மரங்கள் சில பட்டுப்போயின. அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்கூட்டரை ஓட்டிப் பழகினாள்.

இரண்டாவது முடிவு நன்றாக வந்தது. குழாய் திறந்தபோது ஆறுமுகசாமி ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். "நாத்தமில்லே" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.

கிணற்றுத் தண்ணீர் இப்போது பரவாயில்லை. ஆனாலும் ஆற்றுத் தடுப்பணைக்குக் கீழே சில காலைகளில் நுரை மிதக்கிறது. கல்யாண மண்டபத்துக் கழிவு முழுவதும் நிலையத்துக்கு வருவதில்லை; கொஞ்சம் இன்னும் பழைய ஓடையில்தான் இறங்குகிறது. அடுத்த தேர்தலில் கட்சி வேறொருவரை நிறுத்தியது. இனி அவள் போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

"மெம்பர் வேலைதான் முடிஞ்சுதே, இன்னும் எங்க கெளம்பறே?" என்றான் கோபிநாத்.

"இன்னிக்கு முகூர்த்தமுங்க. ஓடைல ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தாள்.